மிகவும் ஒத்துப்போகும் கையெழுத்து

என் கையெழுத்தை நான் போடவில்லை என்று அரசாங்கம் முடிவு செய்த நேரத்தில், நான் அதன் எதிரே நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தேன். பேனாவும் கையில் இருந்தது.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். எங்கள் ஊர்ப் பக்கத்துப் பாயாகும்பு சந்தையில் எங்கள் குடும்பத்தைப் பற்றிப் பலவிதமாகப் பேசிக்கொள்கிறார்கள். அதை மறுக்க நான் இதை எழுதவில்லை. மறுப்பு எழுதினால் அதற்குக் கீழேயும் கையெழுத்துப் போட வேண்டியிருக்கும்.

எங்கள் ஊருக்கு நிலப் பதிவு முகாம் வந்திருந்தது. என் அக்காள் மகள் யுலிஸ்மா குடியிருக்கும், கொம்பு போல முனை வளைந்த கூரை வீடும் அதைச் சுற்றியுள்ள வயலும் எங்கள் குலத்துப் பெண்களுக்கு உரியவை. ஆனால் அவை இன்னாருடையவை என்று எழுதிக்கொடுக்க வேண்டியவன் தாய்மாமன், குலத் தலைவனான டத்தோ. அந்த டத்தோ நான். டத்தோ சிந்தாரோ. எனக்கு முன்னால் என் மாமா டத்தோ சிந்தாரோ. அவருக்கு முன்னால் அவருடைய மாமா டத்தோ சிந்தாரோ. பட்டம் ஒருவரிடமிருந்து அடுத்தவருக்கு இறங்கும்போது குத்துவாளும் தலைப்பாகையும் கூடவே இறங்கும். எல்லாக் குலத்திலும் அப்படித்தான். எங்கள் குலத்தில் கையெழுத்தும் இறங்கும்.

எருமைக் கொம்பு போல மேலே எழும்பும் ஒரு கோடு, அதிலிருந்து இரண்டு சுழி, பிறகு பேனாவை எடுக்காமல் அடியில் திரும்பி வரும் ஒரு நீளக் கோடு. ஒவ்வொரு டத்தோவும் இஷ்டத்துக்குக் கிறுக்கினால், ஒரு டத்தோ எழுதிக்கொடுத்ததை அடுத்த டத்தோ மறுக்கத் தோன்றும் என்பது எங்கள் முன்னோர் கருத்து. ஆகவே பட்டம் ஏற்கப் போகிறவனை ஜன்னல் அருகே உட்கார வைத்துப் பழக்குவார்கள். அவன் போட்டதைப் பழைய கையெழுத்தின் மேல் வைத்து வெளிச்சத்தில் பிடிப்பார்கள். இரண்டு கோடுகளுக்கு நடுவே ஒளி தெரிந்தால் மணிக்கட்டில் பிரம்பு விழும். எனக்கு விழுந்திருக்கிறது. நான் பட்டம் ஏற்ற காலத்தில் ஒளி தெரியவில்லை.

நிலப் பத்திரத்தில் பக்கம் தவறாமல் கையெழுத்திட்டுக் கொடுத்தேன். சில நாட்களில் அது ஒரு சீட்டுடன் திரும்பி வந்தது. "கையெழுத்துகள் ஒன்றுக்கொன்று மிகவும் ஒத்துப்போகின்றன. ஐயத்துக்குரியது. கோப்பு முடக்கப்படுகிறது."

முகாம் அதிகாரியிடம் போய்க் கேட்டேன்.

"டத்தோ, தப்பா எடுத்துக்காதீங்க," என்றார் அவர். "கையெழுத்து ஒத்துப்போகணும். ஆனா இவ்வளவு ஒத்துப்போகக் கூடாது."

"எவ்வளவு போகலாம்?"

"அதைச் சொல்ல எனக்கு அதிகாரம் கிடையாது. பாடாங்ல ஆவண ஆய்வுக்கூடம் இருக்கு. அவங்க உங்க கையெழுத்துதான்னு சொல்லிட்டா கோப்பு திறந்துரும். முகாம் கிளம்பறதுக்குள்ள வாங்கிட்டு வந்துருங்க. இல்லன்னா உரிமையாளர் இல்லாத நிலம்னு குறிச்சிருவோம்."

"அதில என் மருமக குடியிருக்காளே."

"குடியிருக்கலாம் டத்தோ. உரிமையாளர்தான் இருக்க மாட்டாங்க."

யுலிஸ்மாவின் வயலோரத்தில் ஒரு விடுதிக்காரர் ஏற்கெனவே மூங்கில் நட்டு அளந்துகொண்டிருந்தார். அவள் கேட்டபோது, சும்மா பார்க்கிறேன் என்று சொன்னாராம்.

மறுநாள் நானும் யுலிஸ்மாவும் பாடாங் போனோம். ஆய்வுக்கூடத்தின் வாசலில் காவலர் வருகைப் பதிவேட்டை நீட்டினார். நான் கையெழுத்திட்டேன். அவர் என் அடையாள அட்டையைப் பக்கத்தில் வைத்து மாறி மாறிப் பார்த்தார். முகம் இறுகியது.

"அட்டைல இருக்கற மாதிரியே இருக்கே."

"ரெண்டையும் போட்டது நான்தானே."

"அதான் யோசிக்கறேன். போன மாசம் எங்களுக்கும் பயிற்சி கொடுத்தாங்க டத்தோ. உண்மையான ஆளு இப்படிப் போட மாட்டான். கொஞ்சம் மாத்திப் போடுங்க, உள்ள விடறேன்."

"மாத்திப் போட்டா அது என் கையெழுத்து இல்ல."

"அப்ப அந்த மரத்தடியில நில்லுங்க."

நின்றோம். வெயில் ஏறியது. யுலிஸ்மா போய், காவலரிடமிருந்து பேனாவை வாங்கி, மீன் சந்தைக்குச் சாமான் பட்டியல் எழுதுவது போல என் பட்டத்தைக் கிறுக்கினாள். காவலர் அதையும் அட்டையோடு ஒப்பிட்டார்.

"இது மனுஷன் போட்டது," என்றார். "உள்ள போங்க டத்தோ."

தலைமை ஆய்வாளர் டாக்டர் பர்லிந்துங்கான் எங்களை மரியாதையாக வரவேற்று, தேநீர் வரவழைத்தார். அவர் அறைச் சுவரில் கண்ணாடிச் சட்டமிட்ட இரண்டு கையெழுத்துகள் தொங்கின. ஒன்று உண்மையானது, மற்றது போலி, தாம் நாற்பது வயதுக்குள் கண்டுபிடித்த மிகப் பெரிய வழக்கு என்று சொன்னார்.

"எது போலி?" என்று யுலிஸ்மா கேட்டாள்.

"சுவத்துக்கு வெள்ளை அடிச்சப்ப கீழ ஒட்டியிருந்த சீட்டு விழுந்துருச்சும்மா. அதுக்கப்புறம் ரெண்டும் உண்மைன்னே வெச்சுட்டோம். இதுவரைக்கும் யாரும் ஆட்சேபிக்கல."

பிறகு அவர் எங்களுக்குத் தம் துறையின் அடிப்படையை விளக்கினார்.

"டத்தோ, மனுஷன்னா மாறுவான். காலைல ஒரு கை, சாயங்காலம் ஒரு கை. ஒரே ஆளு ரெண்டு தடவை போட்ட கையெழுத்து ஒண்ணு மேல ஒண்ணு அச்சா உக்காராது. உக்காந்தா, ஒண்ணை வெச்சு இன்னொண்ணை வரைஞ்சிருக்கான்னு அர்த்தம். இது உலகம் பூரா ஒத்துக்கிட்ட விதி. என்னையே எடுத்துக்குங்க. என் சம்பளக் காசோலையே ரெண்டு தடவை வங்கியிலிருந்து திரும்பி வந்துருச்சு, கையெழுத்து பொருந்தலைன்னு. வீட்டுல சண்டை. ஆனா எனக்கு அதுல பெருமைதான். நான் உண்மையானவன்னு வங்கியே எழுதிக் கொடுத்த மாதிரி."

"நான் இங்கயே போட்டுக் காட்டறேன்," என்றேன்.

"அதுக்குத்தான் கூப்பிட்டது."

ரெத்னோ என்ற ஆய்வாளர் அம்மாள் என்னை அடுத்த அறைக்கு அழைத்துப் போனார். உட்கார்ந்து போடச் சொன்னார். நின்று போடச் சொன்னார். மாடிப்படி ஏறி இறங்கி மூச்சு வாங்கும்போது போடச் சொன்னார். வானொலியை அலற விட்டுப் போடச் சொன்னார். சாப்பாட்டுக்கு முன்பு ஒன்று, தேங்காய்ப்பாலில் சுண்டவைத்த ரெண்டாங் இறைச்சியும் சோறும் சாப்பிட்ட பிறகு ஒன்று. மை ஒழுகும் பேனாவால் ஒன்று. கடைசியில், யாரோ இறந்துவிட்டதாக நினைத்துக்கொண்டு போடச் சொன்னார். யார் என்று கேட்டேன். உங்கள் விருப்பம் என்றார். போட்டேன்.

எல்லாவற்றையும் அடியில் விளக்கு எரியும் கண்ணாடி மேசையில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். எத்தனை தாள் வைத்தாலும் ஒரே கோடுதான் தெரிந்தது. எனக்கு அந்த மேசை புதிதாகத் தோன்றவில்லை. என் மாமாவின் ஜன்னலில் எதைச் செய்தால் பிரம்புக்குத் தப்பலாமோ, அதைச் செய்தால் இந்த மேசையில் சிறைக்குப் போகலாம் என்று புரிந்துகொண்டேன்.

யுலிஸ்மா என் பக்கத்தில் குனிந்தாள்.

"மாமா, ஒரே ஒரு தடவை கோணலா போடுங்களேன். ஒண்ணும் ஆயிடாது."

"கோணலா போட்டா அதுதான் கள்ளக் கையெழுத்து."

"எனக்கு வீடு போயிரும் மாமா."

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

நான் பேனாவை எடுத்து, கோணலாகப் போட முயன்றேன். மருமகளுக்காக. கொம்பு வந்தது, இரண்டு சுழி வந்தது, அடியில் கோடு திரும்பி வந்தது. கை கேட்கவில்லை. ரெத்னோ அதையும் எடுத்து மேசையில் வைத்தார். ஒரே கோடு.

பூதக்கண்ணாடியை வைத்து வெகுநேரம் பார்த்தபின் அவர் தலைமை ஆய்வாளரிடம் சொன்னார்: "நடுக்கம் இல்ல சார். பேனாவை எங்கயும் தூக்கல. தயங்கின இடம் ஒண்ணுகூட இல்ல."

"அப்ப?"

"நடுங்கியிருந்தா கத்துக்குட்டி வரைஞ்சதுன்னு எழுதலாம். நடுங்கல. கைதேர்ந்தவரு."

டாக்டர் பர்லிந்துங்கான் என்னைப் பார்த்த பார்வையில் கொஞ்சம் மரியாதை கூடியிருந்தது. அங்கே தங்கள் கண்ணெதிரே போடப்பட்ட எல்லாக் கையெழுத்துகளும் ஒரு மூலத்தைப் பார்த்து வரையப்பட்டவை என்று அவர் வாய்மொழியாகச் சொல்ல, ரெத்னோ தட்டச்சு செய்தார்.

"எந்த மூலம்?" என்று கேட்டேன்.

"அதை நீங்கதான் டத்தோ கொண்டாரணும். வீட்டுல பழைய காகிதம் ஏதாவது இருக்குமே."

இருந்தது. குடும்பத்தின் மேல் ஐயம் விழுந்தபின் அதை எடுத்துக் காட்டாமல் இருப்பது கௌரவமாகாது என்று நினைத்தேன். டச்சுக்காரர் காலத்தில் என் மாமாவின் மாமா கையெழுத்திட்ட நீர்ப்பங்கீட்டு ஒப்பந்தமும், விடுதலைக்குப் பின் வந்த கலகக் காலத்தில் என் மாமா கையெழுத்திட்ட எல்லைப் பத்திரமும். மறுவாரம் அவற்றைக் கொண்டுபோனேன்.

ரெத்னோ அவற்றைக் கையாண்ட விதத்தில் குறை சொல்ல எதுவுமில்லை. ஊதா விளக்கில் காட்டினார். சாய்ந்த வெளிச்சத்தில் பார்த்தார். காகிதத்தின் நீர்க்குறியை எண்ணெய் விளக்குக் காலத்து ஆலையோடு பொருத்தினார். "இந்த மை காகிதத்தைக் கடிச்சு உள்ள இறங்கியிருக்கு சார், ஓரமெல்லாம் பழுப்பு. இதை இன்னிக்கு யாராலயும் பண்ண முடியாது," என்றார். அவர் சொன்னது எல்லாம் சரி. ஒவ்வொன்றும் சரி.

பிறகு மூன்று காலத்துக் கையெழுத்துகளையும் மேசையில் அடுக்கினார். ஒரே கோடு.

டாக்டர் பர்லிந்துங்கான் நாற்காலியை இழுத்துப் போட்டு என் எதிரே உட்கார்ந்தார்.

"டச்சுக் காகிதத்துல இருக்கறது யாரு டத்தோ?"

"டத்தோ சிந்தாரோ."

"இதுல?"

"டத்தோ சிந்தாரோ."

"நீங்க?"

"டத்தோ சிந்தாரோ."

"மூணு காகிதம். ஒரே பேரு. ஒரே கை. மொத்தம் எத்தனை பேரு?"

"மூணு பேரு."

"கணக்கு உதைக்குதே."

பட்டம் இறங்கும் முறையைச் சொன்னேன். அவர் மேடானைச் சேர்ந்த வெளியூர்க்காரர், ஆனாலும் இந்த மண்ணில் வெகுகாலம் இருந்தவர். பொறுமையாகக் கேட்டார்.

"எனக்கும் தெரியும் டத்தோ. நானே உங்க ஊர் விருந்துல சாப்பிட்டிருக்கேன். ஆனா விருந்துல சாப்பிட்டதை நான் அறிக்கைல எழுத முடியாது. நாங்க ஆளைப் பாக்கறதில்ல. காகிதத்தைத்தான் பாக்கறோம். ஆளைப் பாக்க ஆரம்பிச்சா அப்புறம் எங்களுக்கு என்ன வேலை?"

அறிக்கை வந்தது. டத்தோ சிந்தாரோ என்பவர் உண்மையானவர்; டச்சு ஆட்சிக் காலம் முதல் தொடர்ந்து கையெழுத்திட்டு வருபவர். அண்மையில் யாரோ ஒருவர் அவருடைய கையெழுத்தை மிகத் திறமையாக வரைந்து நிலப் பத்திரத்தில் சேர்த்திருக்கிறார். அந்த ஒருவர் நான்.

அடுத்த வாரம் என் வீட்டுக்கு இரண்டு அழைப்பாணைகள் வந்தன. ஒன்று குற்றம் சாட்டப்பட்டவருக்கு. மற்றொன்று பாதிக்கப்பட்டவரான டத்தோ சிந்தாரோ அவர்களுக்கு. தபால்காரர் இரண்டையும் என்னிடமே கொடுத்துவிட்டு, "ரெண்டு தடவை வாங்கிக்கிட்டேன்னு போடுங்க," என்றார். போட்டேன். அவர் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

ஆய்வுக்கூடத்தின் விசாரணை அறையில் இரண்டு நாற்காலிகள். பாதிக்கப்பட்டவருடையதில் மெத்தை இருந்தது. முதலில் குற்றவாளி நாற்காலியில் உட்கார வைத்து ஒரு மணி நேரம் என்னை விசாரித்தார்கள். அது முடிந்ததும் மெத்தை நாற்காலிக்கு மாறச் சொன்னார்கள். அங்கே தேநீர் கொடுத்தார்கள்.

"டத்தோ," என்றார் டாக்டர் பர்லிந்துங்கான், குரலைத் தாழ்த்தி, "இவ்வளவு வருஷமா உங்க கையெழுத்தை ஒருத்தன் போட்டுக்கிட்டிருந்திருக்கான். உங்க மனசு என்ன பாடு பட்டிருக்கும். வழக்குப் போடறீங்களா, சமாதானமாப் போறீங்களா?"

யுலிஸ்மா என்னை முந்திக்கொண்டாள். "சமாதானமாப் போனா நிலக் கோப்பு திறக்குமா?"

"உடனே திறக்கும்."

"அப்ப இவருதான் அசல் டத்தோன்னு ஆயிடுச்சே. நிலப் பத்திரத்துல இவரையே போடச் சொல்லுங்க சார். வேலை முடிஞ்சுது."

அவர் கனிவோடு சிரித்தார். "டச்சுக்காரன் காலத்துல கையெழுத்துப் போட்டவரும்மா. அந்த வயசுல ஒருத்தர் நிலம் எழுதிக் கொடுத்தா மருத்துவச் சான்று கேப்பாங்க. வயசைப் பாத்தா எந்த மருத்துவர் கொடுப்பாரு? பேசாம சமாதானமாப் போங்க. அடுத்து வர்ற டத்தோ புதுசா போட்டுக்கட்டும்."

சமாதானப் பத்திரம் தயாராகவே இருந்தது. அதைப் படித்தேன்.

"புஸ்தாமி ஆகிய நான், டத்தோ சிந்தாரோ அவர்களின் கையெழுத்தை அவர் அறியாமல் பல ஆண்டுகள் போட்டுவந்தேன். அதற்காக அவரிடம் வருந்துகிறேன். டத்தோ சிந்தாரோ ஆகிய நான், புஸ்தாமியை மன்னிக்கிறேன்."

புஸ்தாமி என்பது என் தாய் எனக்கு வைத்த பெயர். எருமை வெட்டி, விருந்து வைத்து, பட்டம் சூட்டும் நாளில் அந்தப் பெயரை எங்கள் ஊர் விட்டுவிடும். பிறகு ஒரு டத்தோவை அவனுடைய பழைய பெயரால் யாரும் கூப்பிடுவதில்லை. வாய் தவறினாலும் ஆடு வெட்டி மன்னிப்புக் கேட்க வேண்டும். என் மனைவி இறக்கும் நாளிலும் கூப்பிடவில்லை. அந்தப் பெயரை ரெத்னோ உரக்கப் படித்தபோது யுலிஸ்மா எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றாள்.

"இந்தப் பேரு எதுக்கு?" என்று கேட்டேன்.

"குத்தவாளிக்கு ஒரு பேரு வேணுமே டத்தோ," என்றார் டாக்டர் பர்லிந்துங்கான். "ரெண்டு பேரும் ஒரே பேரா இருந்தா யாரு யாரை மன்னிக்கறாங்கன்னு எங்களுக்கே குழம்பிடும். இன்னொண்ணு. ரெண்டு கையெழுத்தும் ஒரே மாதிரி இருக்கக் கூடாது. இருந்தா ஒண்ணு போலி."

யுலிஸ்மா திரும்பிப் பார்க்கவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. நான் வேண்டாம் என்று எழுந்தால் அவளும் என்னோடு எழுந்து வந்திருப்பாள். வீட்டில் நெல்லைக் கட்டி, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு, என்னை ஒரு சொல் சொல்லாமல் போயிருப்பாள். எங்கள் பெண்கள் அப்படிப்பட்டவர்கள்.

மெத்தை நாற்காலியில் உட்கார்ந்து டத்தோவின் கையெழுத்தைப் போட்டேன். ரெத்னோ அதை டச்சுக் காகிதத்தின் மேல் வைத்தார். ஒரே கோடு.

"சரியா இருக்கு," என்றார்.

"போன வாரம் இதே பொருந்தினப்ப போலின்னீங்க."

"அது அவன் போட்டது. இது மூலம்," என்றார் டாக்டர் பர்லிந்துங்கான். "மூலத்துக்கு விதி கிடையாது டத்தோ."

பிறகு அடுத்த நாற்காலிக்கு மாறினேன். அரசாங்க முத்திரை வில்லையை ஒட்டி, பாதி வில்லையிலும் பாதி தாளிலும் படும்படி போடச் சொன்னார்கள். புஸ்தாமி என்று ஒருவன் எப்படிக் கையெழுத்துப் போடுவான் என்று எனக்குத் தெரியவில்லை. அவன் பள்ளிக்கூடத்தில் எழுதியதோடு சரி. முதல் எழுத்து வில்லையின் விளிம்பில் தடுக்கியது. நடுவில் பேனா நின்றது. கை ஆடியது. கடைசி எழுத்து வில்லையை விட்டு இறங்கித் தாளில் சரிந்து போயிற்று.

ரெத்னோ பூதக்கண்ணாடியை எடுத்தார். நிமிர்ந்தபோது அவர் கண் கலங்கியிருந்தது.

"சார், பாருங்க. தயக்கம், நடுக்கம், அழுத்தம் எல்லாம் எவ்வளவு இயல்பா இருக்கு."

அவர் பார்த்தார். எழுந்து வந்து என் கையைப் பற்றிக் குலுக்கினார். "டத்தோ, இவ்வளவு நாளா உங்ககிட்டருந்து இதைத்தான் எதிர்பார்த்தோம். இந்தக் கூடத்துல நீங்க போட்ட முதல் உண்மையான கையெழுத்து. முதல் தடவையே இப்படிப் போட்டிருந்தா இவ்வளவு அலைச்சல் இருந்திருக்காது."

சான்றிதழ் கொடுத்தார்கள். கள்ளக் கையெழுத்துப் போட்டேன் என்று ஒப்புக்கொண்ட கையெழுத்து சந்தேகத்துக்கு இடமின்றி என்னுடையது என்று அதில் எழுதியிருந்தது.

சான்றிதழ் எனக்கு முன்பே ஊருக்குப் போய்விட்டது. குலத் தலைவர்களின் சபை கூடியது. யாரும் குரல் உயர்த்தவில்லை. சபையில் மூத்தவரான டத்தோ பிஜோ தாளை என் பக்கம் திருப்பி வைத்தார்.

"இது நீங்க போட்டதா?"

"ஆய்வுக்கூடம் அப்படித்தான் சொல்லுது."

"நாங்க உங்களைக் கேக்கறோம்."

"நான்தான் போட்டேன்."

"எதுக்காகன்னு எங்களுக்குத் தெரியும்," என்றார் அவர். "ஆனா ஊர் முழுக்கப் படிச்சிருச்சு. கள்ளக் கையெழுத்துன்னு எழுதின தாளோட ஒரு டத்தோ இந்தப் பாயில உக்கார முடியாது. நீங்களே இந்த இடத்துல இருந்தா என்ன சொல்லுவீங்க?"

நான் இருந்தால் என்ன சொல்வேனோ, அதைச் சொன்னேன். தலைப்பாகையைக் கழற்றி, குத்துவாளோடு பாயில் வைத்தேன். டத்தோ பிஜோ தலைப்பாகையை என்னைப் பார்க்காமல் மடித்தார். அதற்கு நான் அவருக்குக் கடமைப்பட்டிருக்கிறேன்.

பட்டம் யுலிஸ்மாவின் தம்பி தெஸ்ரிலுக்கு இறங்கியது. அவன் சந்தையில் கைபேசி பழுது பார்ப்பவன். முகாம் கிளம்பப் போகிறது என்பதால் எருமைக்குப் பதில் இப்போதைக்கு ஆடு, எருமை அறுவடைக்குப் பிறகு என்று சபை அனுமதித்தது. தலைப்பாகை அவனுக்குக் கொஞ்சம் பெரிதாக இருந்தது. இறைச்சியின் சூடு ஆறுவதற்குள் நாங்கள் முகாமுக்குப் போனோம்.

அதிகாரி புதிய நிலப் பத்திரத்தை விரித்தார். தெஸ்ரில் பேனாவை எடுத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தான். கூடத்தில் ஊர்க்காரர்கள் நின்றிருந்தார்கள். விடுதிக்காரரும் மூங்கிலோடு நின்றிருந்தார். யுலிஸ்மா கதவருகே கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

அவன் குனிந்து போட்டான். கொம்பு ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. சுழி இரண்டும் ஒட்டிக்கொண்டன. அடிக்கோடு பாதியில் அறுந்து, மறுபடி பேனாவை வைத்து முடித்தான். என் மாமா இருந்திருந்தால் பிரம்பு முறிந்திருக்கும்.

"மாமா, சரியா வரல," என்றான் தாழ்ந்த குரலில். "அடுத்த பக்கத்துல பாத்துப் போடறேன்."

"வேண்டாம்பா," என்றேன். "அடுத்த பக்கத்துல வேற மாதிரி போடு."